அலுமினியத்துக்கு ஈரக்காற்றும் பகைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹைட்ரஜன் எரிபொருள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், அந்த வாயு உலோகங்களுக்குள் ஊடுருவி அவற்றை நொறுங்கச் செய்யும் என்றும், எனவே அதைச் சேமிக்கும் உலோகக் கலன்கள் யாவும் ஆபத்தானவை என்றும் எழுதப்பட்டிருந்தது. வலிமை மிகுந்த எஃகைப் பொறுத்தவரை இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் உலர்ந்த ஹைட்ரஜன் வாயு அலுமினியத்தை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. வாகனங்களுக்கான ஒருவகை உயர் அழுத்தக் கலன்களின் உட்கூட்டை 6061 என்ற அலுமினியக் கலவையில் செய்து, அதன்மேல் கார்பன் இழையைச் சுற்றுவதே இதற்குச் சான்று. அலுமினியத்துக்குள் ஹைட்ரஜன் நுழைவது பெரும்பாலும் நீராவியின் வழியாகத்தான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைப் பணிமனைகளுக்கு நெடுங்காலம் சென்றுவந்தவன் நான். ஒரு பணிமனையில், 7075 என்ற அலுமினியக் கலவையின் தடித்த தகட்டிலிருந்து வெட்டிய ஃபிக்சர் கட்டை (வேலைத்துண்டைப் பிடித்து நிறுத்தும் கட்டை) ஒன்றின் துளையில் எஃகு புஷ்ஷை (உருளை வடிவ உள்ளுறையை) இறுக்கமாக அழுத்திப் பொருத்தி அலமாரியில் வைத்திருந்தோம். ஆனியில் வைத்த கட்டையில், ஆவணி பிறப்பதற்குள் துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை போன்ற விரிசல் ஓடியிருந்தது. அதன்மீது யாரும் பளு ஏற்றவில்லை; அது கீழே விழவும் இல்லை. சரக்கு கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்றே அன்று எல்லோரும் பேசினோம். அவர்மீது பழி சுமத்தியது தவறு என்பது, இந்தக் கலவைகளைப் பற்றிப் பின்னாளில் தேடிப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

துத்தநாகமும் மக்னீசியமும் செம்பும் சேர்ந்த 7075, டி6 என்னும் பதத்தில், அதாவது உச்ச வலிமைக்காகச் சூடேற்றிப் பக்குவப்படுத்திய நிலையில், ஏறத்தாழ 570 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கும். அதன் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். அது பழுதுபடும் இடத்தில் ஈரக்காற்றின் நீராவி அலுமினியத்தோடு வினைபுரிய, ஆக்சிஜன் ஆக்சைடாகத் தங்கிவிடுகிறது. விடுபட்ட ஹைட்ரஜன் அணுக்களில் ஒரு பகுதி, இரண்டிரண்டாக இணைந்து வாயுவாக வெளியேறுவதற்குள் உலோகத்துக்குள் புகுந்து, உலோகம் ஆக்கப்பட்டுள்ள நுண்ணிய படிகமணிகளின் எல்லைகளில் சேர்கிறது. ஜெர்மனியின் டுசல்டார்ஃபிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள், ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கன ஐசோடோப்பான டியூட்டீரியத்தைச் செலுத்தி, அணு அணுவாகக் கண்டறியும் கருவியால் இதைப் பார்த்து 2022இல் வெளியிட்டனர். எல்லையில் மக்னீசியத்தோடு ஹைட்ரஜனும் சேரும்போது மணிகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்கிறது என்பதும், கலவையிலுள்ள சில நுண்துகள்கள் ஹைட்ரஜனைத் தம்முள் இழுத்துக்கொண்டு அதன் கேட்டைத் தடுக்கின்றன என்பதும் அவர்கள் கண்டவை. பிற்காலக் கலவைகளுக்கு இது பெரிய வழிகாட்டல் என்று கருதுகிறேன்.

எங்கள் கட்டைக்கு வருகிறேன். உருட்டித் தட்டையாக்கிய தகட்டில் படிகமணிகள் அடுக்கிய பனையோலைகளைப் போல் படிந்திருக்கும். ஓலைகளைப் பிரிக்கும் திசையில், அதாவது தகட்டின் தடிப்புத் திசையில் இழுத்தால்தான் பலவீனம் மிகுதி. இறுகப் பொருத்திய புஷ் இரவும் பகலும் துளையை அந்தத் திசையிலும் விரித்துக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பருவக்காற்று வீசும் மாதங்களில், எங்கள் கிழக்குப் பகுதியில் மழை குறைவாகப் பெய்தாலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. நிலையான இழுப்பும் ஈரமும் டி6 பதமும் ஒன்றுகூடிய அந்தக் கட்டையில் விரிசல் விழுந்ததில் வியப்பில்லை.



பரிகாரம் நெடுங்காலமாக அறியப்பட்டதே. டி73 என்ற பதத்துக்குக் கூடுதலாகச் சூட்டில் வைத்து முதிர்வித்தால் வலிமையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு குறையும். இவ்வகை விரிசலுக்கு எதிரான உறுதியோ பன்மடங்கு உயரும். ஆயினும் நம் சிறு பணிமனைகளில் "எழுபது எழுபத்தைந்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்குகிறோமே தவிர, பதத்தைக் கேட்பதில்லை. அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் துண்டுகளைத் தாழ்வாரத்திலேயே போட்டுவைக்கிறோம். கோவையிலும் கஞ்சிக்கோட்டிலும் சரக்கு விற்போர், வெட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டிலும் கலவை எண்ணோடு பதத்தையும் உருட்டிய திசையையும் குறித்துத் தர வேண்டும் என்றும், தொழிற்பயிற்சி நிலையங்கள் இதைப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்றும் தங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனை மேற்பார்வையாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.