சீன பையர் 'பார்க்கிறோம்' என்றால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீன வியாபாரிகளை நம்பவே கூடாது, சொல் ஒன்று செயல் ஒன்று என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் ஒரு தென்னை நார் மில்லில் 15 வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் நார் கொஞ்சம் ஆலப்புழைக்குப் போகிறது, பெரும்பங்கு மெத்தை செய்யச் சீனாவுக்குக் கண்டெய்னர் ஏறுகிறது. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் எடுத்த முடிவு தவறு.

2018-ல் நார் வாங்குகிற ஒரு சீன பையர் தன் ஆட்கள் மூன்று பேரோடு மில்லுக்கு வந்தார். பேலில், அதாவது அழுத்திக் கட்டிய நார்க் கட்டில், கருவியைக் குத்திப் பார்த்து ஈரப்பதம் அதிகம் என்றார். எங்கள் முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் மீட்டரைக் கொண்டுவரச் சொல்லி, லோடுமேன் வரை எல்லோரும் பார்க்க நாலு பேலில் குத்திக் காட்டி, "உங்க கருவிலதாங்க கோளாறு" என்று நிரூபித்துவிட்டார். முதலாளி சொன்னது முழுக்க உண்மை. வந்தவர் சிரித்தார், தலையாட்டினார், மதியம் எங்களோடு உட்கார்ந்து இலையில் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதன்பின் ஒரு ஆர்டர்கூட வரவில்லை.

தன் ஆட்கள் முன்னால் அவர் தலைகுனிய வேண்டியதாகிவிட்டது, அதுதான் காரணம். இந்த மதிப்பை அவர்கள் 'மியான்ஸி' என்கிறார்கள், முகம் என்று பொருள். முகத்தாட்சணை பார்த்தே பாதிக் காரியம் செய்கிற நமக்கு இது புரியாத விஷயமா? மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் சொல்லி, டீ குடிக்கும்போது தனியாகப் பேசியிருந்தால், இன்னொரு தடவை அளந்து பார்ப்போம் என்று அவரே இறங்கி வந்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

'இல்லை' என்கிற சொல்லும் அப்படித்தான், அதை அவர்கள் நேராகச் சொல்வது அபூர்வம். 'யான்ஜியு யான்ஜியு', அதாவது ஆராய்ந்து பார்க்கிறோம் என்பார்கள். பெண் பார்த்துவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோங்க" என்று எழுந்து போகிறவர்களின் பதில் என்ன என்று நமக்குத் தெரியாதா? அதே பதிலைச் சீனர் சொன்னால் மட்டும் ஆர்டர் உறுதி என்று நம்பி, கடன் வாங்கிச் சரக்கை அடுக்கி வைத்துவிட்டு, பின்னால் ஏமாற்றிவிட்டான் என்று திட்டுகிறோம்.

ஆலப்புழை வியாபாரி போனில் ரேட் கேட்பார், ஒத்துவந்தால் மறுநாள் லாரி வந்துவிடும். சீனாவில் முதலில் ஆளைப் பார்க்கிறார்கள், 'குவான்ஷி' என்கிற உறவு அமைந்த பிறகுதான் ரேட். வட்ட மேஜை விருந்து, வாசலைப் பார்த்த நாற்காலியில் பெரியவர், ஒவ்வொருவராகக் கோப்பையோடு எழுந்து 'கான்பெய்', அதாவது கோப்பையைக் காலி செய்வோம், என்று சொல்வது, இதெல்லாம் வெறும் உபசாரம் இல்லை, அங்கேயே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. 2020 ஜூனில், அவர்களோடு நாங்கள் பேசிவந்த வீசாட் உட்பட 59 செயலிகள் இங்கே தடை செய்யப்பட்டபோது எங்களுக்கு விழுந்த அடி இதனால்தான் பெரிது. குழந்தைகளின் படம் வரை பகிர்ந்துகொண்ட பழக்கம் ஒரே நாளில் அறுந்துபோனது.

எல்லாவற்றையும் பண்பாடு என்று விட்டுவிடவும் நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் போட்டபின் மார்க்கெட் இறங்கினால் மறுபடி விலை பேச வருகிறார்கள். ஒப்பந்தத்தை உறவின் தொடக்கமாகப் பார்க்கிற பழக்கம் அதில் ஒரு பாதி, மறுபாதி சுத்தமான வியாபாரச் சாமர்த்தியம். அதனால் அட்வான்ஸ் வாங்காமல் ஏற்றக் கூடாது, காகிதத்தில் கையெழுத்தோடு கம்பெனியின் சிவப்பு முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே போனால் திரும்பும் டிக்கெட் தேதியைச் சொல்லக் கூடாது, கடைசி நாள் வரை இழுத்து விலையைக் குறைக்க வைப்பார்கள். அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் வருகிறது, அந்தச் சமயம் தொழிற்சாலைகளைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதைக் கணக்கில் வைத்துச் சரக்கு அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் இங்கே ஒவ்வொருவரும் ஒரு கண்டெய்னர் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொள்கிறோம். கயிறு வாரியத்தின் பொள்ளாச்சி அலுவலகம் மில்காரர்களுக்கு இதை இரண்டு நாள் வகுப்பாக, தமிழில், நடத்த வேண்டும். உங்கள் வணிகப் பக்கமும் நார் விலையோடு நிறுத்தாமல் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நார் மில் மேலாளர்,
கோபாலபுரம், பொள்ளாச்சி வழி