நன்றி மடல்: அப்பாவின் திண்ணைக்கு வந்த அனைவருக்கும்

பேரன்பிற்குரிய உறவினர்களுக்கும், ஊராருக்கும், அப்பாவுடன் படையில் பணியாற்றிய முன்னாள் வீரர்களுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

எங்கள் தந்தை காலமாகி நாற்பது நாள்கள் கடந்துவிட்டன. அந்த நாள்களில் வீட்டுக்கு வந்து நின்றவர்கள், சொல்லாமலேயே வேலைகளை எடுத்துச் செய்தவர்கள், தொலைவிலிருந்து பேசித் தேற்றியவர்கள் என எல்லாரையும் நேரில் வந்து பார்த்து நன்றி சொல்வதே முறை. அம்மாவைத் தனியே விட்டு வெளியே செல்ல இப்போதைக்கு இயலவில்லை என்பதாலும், வந்தவர்களில் பாதிப் பேரை எங்களுக்கு முன்பின் தெரியாது என்பதாலும் இம்மடலை எழுதுகிறேன். சிலரைக் குறிப்பிட்டுச் சிலரை விட்டுவிடும் பிழை நேரக்கூடாது என்று யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவரைப் பற்றியது அவரவருக்குப் புரிந்துவிடும்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி பெற்று, 1971 டிசம்பர் போரின்போது மேற்கு எல்லையில் இருந்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. போரைப் பற்றி வீட்டில் அவர் பேசியது மிகக் குறைவு. "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற ரெஜிமெண்டின் முழக்கத்தைப் பேரன் வற்புறுத்தியதால் ஒரே ஒரு முறை முற்றத்தில் நின்று சொல்லிக்காட்டினார். அதுவும் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியதும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் போர் 13 நாள்களில் முடிந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மர மேசையைப் போட்டுக்கொண்டு, படைவீரர்களின் மனைவியருக்கும் விதவையருக்கும் விண்ணப்பம் எழுதித் தந்தபடி அவர் உட்கார்ந்திருந்தது முப்பது ஆண்டுகளுக்கு மேல். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் முதலாவதைப் பற்றி நிறையவே பேசிவிட்டார்கள் என்பதால் நான் இரண்டாவதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் மருத்துவமனை நாள்கள். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் எங்கும் சேர்க்க முடியாது என்று நாங்கள் கலங்கி நின்ற மாலையில், வேலை நேரம் முடிந்த பிறகும் கணினியை மீண்டும் இயக்கிக் கடிதத்தை அச்செடுத்துத் தந்த இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் பணியாளருக்கு எங்கள் நன்றி. அப்பாவுக்கு 4 யூனிட் ரத்தம் தேவைப்பட்டபோது, பள்ளி மைதானத்தில் படைத் தேர்வுக்காக ஓடிப் பழகும் பிள்ளைகள் ஒன்பது பேர், காலை ஓட்டத்தை முடித்த வியர்வையோடு ரத்த வங்கி வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் இருவரை, முந்தைய முறை கொடுத்து 3 மாதம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உண்மையில் அது எங்கள் தவறு. யார் எந்த ரத்தப் பிரிவு, கடைசியாக எந்தத் தேதியில் கொடுத்தார் என்ற விவரங்களை எல்லாம் அப்பா நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தார். அதைத் திறந்து பார்த்திருந்தால் அந்த இரு பிள்ளைகளையும் வீணாக அலையவிட்டிருக்க மாட்டோம். அந்த நோட்டின் முதல் பெயர் அப்பாவுடையதுதான். 65 வயது கடந்துவிட்டது, இனி உங்களிடம் எடுக்கக்கூடாது என்று ரத்த வங்கியில் சொல்லி அனுப்பிய நாளன்று, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசாமல் இருந்தவர் அவர்.

அவர் உயிர் பிரிந்தது வீட்டில், விடிவதற்குச் சற்று முன்பு. எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது அம்மாதான் முதலில் எழுந்து, "ஃபேனை நிறுத்துங்க, கண்ணு காஞ்சிடும்" என்றார். கருவிழியை 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், தலைக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து உயர்த்த வேண்டும் என்பவற்றை எல்லாம் அப்பா பல வீடுகளில் போய்ச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு மனப்பாடமாகியிருந்தது. கண் வங்கியிலிருந்து வந்த இருவரும் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு, அம்மாவிடம் முறைப்படி அனுமதி கேட்டு, 20 நிமிடத்துக்குள் வேலையை முடித்து, முகத்தில் எந்த மாற்றமும் தெரியாதபடி செய்துவிட்டுப் போனார்கள். இரண்டு கருவிழிகளும் பொருத்துவதற்கு ஏற்ற நிலையில் இருந்ததாகப் பின்னர் தொலைபேசியில் தெரிவித்தார்கள். அந்த அழைப்பை அம்மாவே எடுத்துப் பேசினார் என்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அவ்விருவருக்கும் எங்கள் குடும்பத்தின் தனிப்பட்ட நன்றி.

இறுதிச் சடங்கன்று நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அன்பு மிகுதியால் ஓர் இளைஞர் தேசியக் கொடி ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவின் மேல் போர்த்தலாம் என்றார். வந்திருந்த முன்னாள் சுபேதார் ஐயா அவரைத் தனியே அழைத்துப்போய், அரசு மரியாதையுடனோ படை மரியாதையுடனோ நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே கொடியைப் போர்த்தக் கொடிச் சட்டம் இடம் தருகிறது என்பதை, அந்தப் பிள்ளையின் மனம் நோகாமல் எடுத்துரைத்தார். கொடியை மடித்துத் திரும்ப அந்த இளைஞர் கையிலேயே கொடுத்துவிட்டு, முன்னாள் வீரர்கள் பதினேழு பேரும் வரிசையில் நின்று மலர் வளையம் வைத்து வணக்கம் செலுத்தினார்கள். அப்பா இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார், ஆனால் அவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டார். கொடி கொண்டுவந்த தம்பிக்கும், அதைத் தடுத்த ஐயாவுக்கும் ஒரே அளவு நன்றி.

அதன் பிறகு வந்த நாள்களில்தான், முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் அறியாத பலவற்றை உங்கள் வாய்வழியாக அறிந்தோம். துக்கம் கேட்க வந்த பெண்கள் பலர் திண்ணையில் ஏறியதும் அந்த மர மேசையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது, ஏனென்றால் சிறுவயதில் அந்த மேசையின் மேல் எனக்கு ஒரு வன்மமே உண்டு. விடுமுறை நாள்களில் அப்பா எங்களோடு எங்கும் வராததற்கு அதுதான் காரணம். நவம்பர் மாதம் வந்துவிட்டால் வீட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நடமாட இடம் இருக்காது. ஓய்வூதியம் தொடர்ந்து வருவதற்கான வாழ்நாள் சான்று கொடுக்கும் மாதம் அது. முன்பெல்லாம் வங்கிக்கு அழைத்துச் சென்று வரிசையில் நிறுத்துவார். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணு முறை வந்த பிறகு, சொந்தப் பணத்தில் கைரேகைக் கருவி ஒன்றை வாங்கி மேசைமேல் வைத்தார். நாற்று நட்டும் களை பறித்தும் ரேகையே தேய்ந்துபோன விரல்களைக் கருவி ஏற்காது. அந்த மூதாட்டிகளின் கைகளை வெந்நீரில் கழுவச் சொல்லி, துண்டால் ஒற்றி, கட்டை விரல் இல்லையென்றால் மோதிர விரல், அதுவும் இல்லையென்றால் இடக்கை என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பச்சை விளக்கு எரிந்ததும் இருவரும் ஒருசேரப் பெருமூச்சு விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குடும்ப ஓய்வூதியத்தின் விதிகளை அவர் சொல்லித்தரும் முறை ஒன்று உண்டு. வீரர் ஓய்வு பெற்ற பின் இறந்தால், அவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள் வரையோ, இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள் வரையோ, இவற்றில் எது முந்தியதோ அதுவரை மனைவிக்குக் கூடுதல் விகிதத்தில் தொகை வரும். பிறகு கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு என்ற சாதாரண விகிதத்துக்குக் குறைந்துவிடும். இதை அறியாதவர்கள், தொகை குறைந்த மாதத்தில் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறி, இடைத்தரகர்களிடம் போய்ப் பணத்தை இழப்பார்கள். ஆகவே அப்பா, விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே, குறையப்போகும் மாதத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கச் சொல்வார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டே துக்கத்துக்கு வந்திருந்தார் ஓர் அம்மையார். இன்னொருவர், தமக்குப் பிறகு சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனுக்கு ஆயுள் முழுதும் ஓய்வூதியம் உண்டு என்பதை அப்பா சொல்லித்தான் அறிந்ததாகவும், அதற்கான மருத்துவச் சான்றுக்காக அப்பா மூன்று முறை உடன் வந்ததாகவும் சொன்னார். அந்த மூன்று நாள்களும் அப்பா எங்களிடம் "கேன்டீனுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது எங்கள் குடும்பத்துக்குச் சற்று வெட்கமானது. ஊரார் எத்தனையோ பேரின் ஆவணங்களில் பெயர்ப் பிழை திருத்திய அப்பா, தம்முடைய சொந்த ஆவணத்தைத் திருத்தாமல் விட்டுவிட்டார். அம்மாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. திருமணமானபோது படைப்பிரிவில் பதிவு செய்த எழுத்தர் அதை ஆங்கிலத்தில் 'எல்' என்று எழுதியிருக்கிறார். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் அதே எழுத்து 'இசட் ஹெச்' என்று இருக்கிறது. பிறந்த ஆண்டும் மூன்று ஆண்டுகள் மாறியிருக்கிறது. தமிழில் ஒரே பெண், ஆவணங்களில் இரண்டு பெண்கள். இதே சிக்கலுக்காகப் பிறருக்கு வெலிங்டனிலுள்ள படை ஆவண அலுவலகத்துக்கும் அலகாபாத்திலுள்ள படை ஓய்வூதிய அலுவலகத்துக்கும் எத்தனை கடிதங்கள் எழுதியிருப்பார் என்று கணக்கில்லை. "நம்மளது எங்க போகப்போவுது, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அம்மாவின் பெயரில் குடும்ப ஓய்வூதியம் கோரி விண்ணப்பித்தபோது அது திரும்பி வந்தது.

அப்போது எங்களுக்குக் கைகொடுத்தவர், சில ஆண்டுகளுக்கு முன் நாயக் பதவியில் ஓய்வு பெற்று, அப்பாவிடமே இந்த எழுத்து வேலையைக் கற்றுக்கொண்ட தம்பி. அவர் அப்பாவின் நாற்காலியில் உட்கார மறுத்து, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, படையிலிருந்து விடுவித்தபோது அப்பாவுக்குத் தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பழைய ஓய்வூதிய ஆணையையும் வரி வரியாக ஒப்பிட்டார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத் தயாரித்து, கையெழுத்துகள் வாங்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நான்கு முறை எங்களோடு அலைந்தார். பெட்ரோலுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை, கேட்டதற்கு, "ஐயா எங்கிட்ட வாங்கினாரா அக்கா?" என்றார். திருத்தம் ஏற்கப்பட்டுவிட்டது என்ற செய்தி போன வாரம் வந்தது. இவ்வேலையில் சான்றளித்த கிராம நிர்வாக அலுவலருக்கும், நல அலுவலகத்தில் எங்கள் கோப்பை மேசைக்கு மேசை கொண்டுபோன ஊழியருக்கும், வங்கியில் அம்மாவை நிற்கவைக்காமல் நாற்காலி போட்டு உட்காரவைத்த பெண் அதிகாரிக்கும் நன்றிக்கடன்பட்டிருக்கிறோம். தங்கள் வீட்டு ஆவணத்தில் இப்படி ஓர் எழுத்து மாறியிருப்பதை அறிந்தவர்கள், கணவர் உயிரோடு இருக்கும்போதே அதைத் திருத்திவிடுங்கள் என்று அம்மா உங்களிடம் சொல்லச் சொன்னார். கணவர் ஓய்வு பெற்ற படைவீரராக இருந்தால் கட்டாயம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பதினாறாம் நாள் வரை சமையலைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும், பந்தல் போட்டுவிட்டு வாடகை வாங்க மறுத்தவருக்கும், வெளிநாட்டிலிருந்து வர இயலாத என் தம்பிக்காகச் சடங்குகளை முன்னின்று செய்த பெரியப்பா மகனுக்கும் வார்த்தையில் அடங்காத நன்றி. கொடிநாளான டிசம்பர் 7 அன்று உண்டியலோடு அப்பா அழைத்துச் செல்லும் பள்ளிப் பிள்ளைகள், இம்முறையும் அவர் இல்லாமலேயே போய் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உண்டியலைச் சாவியோடு வீட்டில் வைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளவும்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. அப்பாவின் தகரப் பெட்டியில் முடிவு பெறாத கோப்புகள் ஏழு இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால், அடுத்து யாருக்கு எழுத வேண்டும், எந்தத் தாள் இன்னும் வரவில்லை என்று குறித்து வைத்திருக்கிறார். அவற்றில் இரண்டின் உரியவர்களை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாவிடம் அசல் ஆவணங்களைக் கொடுத்துவைத்தவர்கள் அருள்கூர்ந்து வந்து பார்க்கவும். மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் நண்பகல் வரை அந்தத் தம்பி அங்கே இருப்பார்.

நன்றியுடன்,
அம்மாவின் சார்பிலும் குடும்பத்தார் சார்பிலும்,
அவருடைய மூத்த மகள்