தேதியில்லாத கேசட்டுகளுக்குத் தேதி சொன்னவர்களுக்கு நன்றி

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். அந்த ஷூ பெட்டிக் கேசட்டுகளுக்குத் தேதி கண்டுபிடித்துக் கொடுத்த, கண்டுபிடிக்க முடியாதவற்றுக்காக ராத்திரி ஒரு மணி வரை சண்டை போட்ட அத்தனை பேருக்கும் பெரிய நன்றி. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, அவர்களிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன். இது சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கும் நம்ம ஆட்களுக்கும், கிரேட்ஃபுல் டெட் என்றால் மண்டை ஓடு போட்ட டி-ஷர்ட் என்று மட்டும் தெரிந்தவர்களுக்கும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிரேட்ஃபுல் டெட் 1965ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய ராக் இசைக் குழு. அதன் கிடார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் இறக்கும் வரை 2,300 கச்சேரிக்கு மேல் வாசித்துவிட்டார்கள். ஒரு பாட்டை இன்றைக்கு ஏழு நிமிஷம் வாசித்தால் நாளைக்கு இருபது நிமிஷம் போகும், எங்கே போய் எங்கே திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் ரசிகர்களிடம் போய் ஒரு பாட்டு பிடிக்கும் என்று சொன்னால் "எந்த ராத்திரி?" என்றுதான் கேட்பார்கள். கூட்டத்தில் மைக் நட்டுப் பதிவு செய்ய விட்டார்கள். விற்கக் கூடாது, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நாங்கள் வாசித்து முடித்த பிறகு அது அவர்களுடையது என்கிற மாதிரி கார்சியாவே சொல்லியிருக்கிறார். வெற்றுக் கேசட்டையும் தபால் செலவையும் அனுப்பினால் முன்பின் தெரியாத ஒருவர் நகல் எடுத்துத் திருப்பி அனுப்புவார், இப்படியே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அப்படி கை மாறி வந்த ஒரு பெட்டியைத்தான் என்னுடன் வேலை பார்த்த பெரியவர் ஓய்வு பெற்று ஊர் மாறும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெரும்பாலும் மாக்செல் 90 நிமிஷக் கேசட்டுகள். பால்பாயின்ட் மை வெளுத்து, பாதி அட்டைகளில் ஊர் பெயரும் இல்லை, வருஷமும் இல்லை. ஒன்றில் பென்சிலால் "நல்ல ராத்திரி, இரண்டாம் பக்கம் கொஞ்சம் இரைச்சல்" என்று மட்டும் இருந்தது. இதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன், அதற்கப்புறம் நீங்கள் என்னைத் தூங்க விடவில்லை.

எனக்கு நீங்கள் கேட்கக் கற்றுக் கொடுத்த விதத்தை இங்கே எழுதியே ஆக வேண்டும். முதல் கேள்வி, டிரம்ஸ் ஒருவரா இருவரா? இரண்டு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் 1971 பிப்ரவரியில் விலகிப் போய் 1974 அக்டோபரில்தான் திரும்பி வந்தார், ஒற்றை டிரம்ஸ் கேட்டால் அதற்குள் தேடு (அவர் சேர்ந்த 1967க்கு முந்தைய டேப் நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது). அடுத்தது கீபோர்டு. பியானோ துள்ளிக்கொண்டு ஓடினால் கீத் காட்ஷா, அதாவது 1971 அக்டோபருக்கும் 1979 தொடக்கத்துக்கும் நடுவில். ஹாமண்ட் ஆர்கனும் கரகரப்பான உச்சக் குரலும் வந்தால் பிரென்ட் மிட்லண்ட், 1979 ஏப்ரலிலிருந்து 1990 ஜூலை வரை. அப்புறம் பாட்டுகள். டச் ஆஃப் கிரே இருந்தால் 1982 செப்டம்பருக்கு முன்னால் இருக்கவே முடியாது. கடைசியில் பாட்டு வரிசை. 1987லேயே ரசிகர்கள் எல்லாக் கச்சேரிகளின் பாட்டு வரிசையையும் டெட்பேஸ் என்று புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள், அதன் பழைய பிரதியை அலமாரியிலிருந்து எடுத்து வந்து பக்கம் பக்கமாகப் புரட்டிய சாக்ரமென்டோ அக்காவுக்குத் தனி நன்றி. அந்த "நல்ல ராத்திரி" கேசட்டில் இரண்டு டிரம்ஸ், கீத்தின் பியானோ, ஆரம்பமே ஹெல்ப் ஆன் தி வே, ஸ்லிப்நாட், ஃப்ராங்க்ளின்ஸ் டவர் மூன்று பாட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. பின்பாதியில் கம்ஸ் எ டைம். அக்கா புத்தகத்தைத் திறக்கும் முன்பே ஒருவர் சொல்லிவிட்டார்: 1977 மே 9, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம்.

விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு முந்தைய ராத்திரிதான் உலகமே பேசும் கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி, மே மாதத்தில் பனி கொட்டிய ராத்திரி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம் பிடித்தது. கார்னெலா பஃபலோவா என்று அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. என் கட்சி பஃபலோ. கம்ஸ் எ டைம் கடைசியில் கார்சியாவின் கிடார் மெல்ல ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் இடத்தில் கூட்டம் கத்துவதை நிறுத்திவிடுகிறது, அது கேசட்டிலேயே கேட்கிறது. கார்னெலின் ஸ்கார்லெட் பிகோனியாஸ் பாட்டு ஃபயர் ஆன் தி மவுன்டனாக மாறும் இடத்துக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

அந்தக் கேசட்டில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு பக்கத்தில் 45 நிமிஷம்தான் கொள்ளும், பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போது பதிவு செய்பவர் இருட்டில் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும், அந்தச் சில விநாடி போனது போனதுதான். நம் ரசிகர் குழுவில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் தம்பி வேறொருவர் பதிவிலிருந்து அந்தத் துண்டை எடுத்து ஒட்டினார். ஒட்டினார் என்று சொல்வது சுலபம். இரண்டு பதிவுக் கருவியும் ஒரே வேகத்தில் ஓடியிருக்காது, சுருதி ஒரு இழை தள்ளி நிற்கும், வேகத்தைச் சரி செய்து சுருதி சேர்த்து, கைதட்டல் சத்தம் மாறுவது தெரியாமல் இழைக்க அவர் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார். தம்பி, பிரியாணி பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

அடுத்து மிருதங்கம் படித்த நண்பர். 1969 டேப்பில் தி லெவன் என்ற பாட்டில் எனக்குத் தாளம் பிடிபடவே இல்லை. அவர் தொடையில் தட்டிக் காட்டினார்: தகிட தகிட தகிட தக. மூன்று மூன்று மூன்று இரண்டு, பதினொன்று. மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் படித்தவர் என்பதையும், ஹார்ட்டின் 1991 பிளானட் டிரம் ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு நம் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்திருக்கிறார் என்பதையும், உலக இசைக்கென்று முதன்முதலில் கொடுத்த கிராமி அதற்குத்தான் போனது என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது கச்சேரிகளின் இரண்டாம் பாதியில் வரும் டிரம்ஸ் பகுதியை நான் ஓட்டிவிடுவதில்லை, தனி ஆவர்த்தனம் மாதிரி உட்கார்ந்து கேட்கிறேன். (தனிக்கு எழுந்து காபி குடிக்கப் போகிறவர்கள் அங்கேயும் உண்டாம்.)

யார் என்றே தெரியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் கத்தினால் முறைத்து, தான் மட்டும் கைதட்டாமல் நின்றவர்கள். மைக் கம்பங்கள் காடு மாதிரி வளர்ந்து ஒலிக் கலவை செய்பவரின் பார்வையை மறைக்க ஆரம்பித்த பிறகுதான் 1984 அக்டோபரில் அவருக்குப் பின்னால் இவர்களுக்கென்று தனி இடமும் தனி டிக்கெட்டும் வந்தது. அதற்கு முந்தைய டேப்புகளில் வரும் இருமல், விசில், "உட்காருய்யா" எல்லாமே எனக்குப் பிடிக்கும். கிரேட்ஃபுல் டெட் குழுவுக்காகவே பதிவு செய்த பெட்டி (Betty) கேன்டர்-ஜாக்சன் அம்மாவையும் விட முடியாது, கார்னெல் அவர் கைவேலைதான். 1986ல் வாடகை கட்ட முடியாமல் அவருடைய டேப்புகளெல்லாம் கிடங்கிலிருந்து ஏலத்தில் போயின. இன்று நாம் ஹெட்போனில் கேட்டு உருகுவது அந்த டேப்புகளைத்தான், நினைத்தால் கோபம்தான் வருகிறது.

பெட்டியில் இருந்ததையெல்லாம் டிஜிட்டலாக மாற்றியாயிற்று, தேதி தெரியாத ஒன்றிரண்டு மட்டும் பாக்கி. வேண்டுகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். காசு வாங்க மாட்டேன், விதி அதுதான். ஒரிஜினல் கேசட்டுகளை மட்டும் யாரும் கேட்காதீர்கள்.