ஒரே ராத்திரியில முடியற கதை

கண்ணா,

நீ அனுப்பின மெசேஜ் பாத்தேன். புது ஸ்பேஸ் சீரிஸ் ஒண்ணு வந்திருக்கு, மூணு சீசன் இருக்கு, முதல் அஞ்சு எபிசோட் மெதுவாத்தான் போகும் பொறுத்துக்கோம்மா, அப்புறம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேரும்போது அசந்து போயிடுவன்னு எழுதியிருந்த. பாக்கறேன், நீ சொல்லி பாக்காம இருப்பேனா. ஆனா ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதையா முடியற சீரிஸ் தான் ஏம்மா உனக்கு பிடிக்குதுன்னு நீ ஒவ்வொரு தடவையும் கேக்கற, போன்ல பதில் சொல்ல ஆரம்பிச்சா பேச்சு வேற எங்கயோ போயிடுது, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

அம்மாவுக்கு வயசாயிடுச்சு, இவ்வளவு கேரக்டர ஞாபகம் வச்சுக்க முடியலன்னு நீ நினைக்கற. அது இல்லடா. யார் யாரோட ஆளு, எந்த கிரகம் யார் பக்கம், எல்லாம் எனக்கு நல்லாவே நிக்கும். நான் தேடறது வேற. இப்படி ஒண்ணு நடந்தா மனுஷன் என்ன பண்ணுவான்னு ஒரு கேள்வி, சயின்ஸ் பிக்ஷன்னா எனக்கு அது தான். கேட்டவங்க அன்னைக்கே அந்த கேள்விக்குள்ள இறங்கி ஒரு முடிவு வரைக்கும் என்னையும் கூட்டிட்டுப் போகணும். மிச்சத்த அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்னு ஒரு வழி இருந்துட்டா எழுதறவங்க பதில் யோசிக்கவே மாட்டாங்க, இன்னொரு மர்மத்த கொண்டு வந்து வைப்பாங்க, அதுக்கு மேல இன்னொண்ணு.

ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன்னு ஒரு விண்வெளிக் கப்பல் சீரிஸ்ல 'தி மெஷர் ஆஃப் எ மேன்'னு ஒரு எபிசோட், 1989ல வந்தது, ரெண்டாவது சீசன். கப்பல்ல வேலை பாக்கற டேட்டாங்கற ஆண்ட்ராய்ட, அதாவது மனுஷன் மாதிரி செஞ்ச ரோபோவ, கழட்டிப் பாத்து அதே மாதிரி நிறைய செய்யணும்னு மேடாக்ஸ்னு ஒரு விஞ்ஞானி வர்றார். டேட்டா ஒத்துக்கல, வேலைய விட்டே போறேங்கறான், அதுக்கு நீ எப்படி ராஜினாமா பண்ணுவ, நீ எங்க சொத்தாச்சேங்கறாங்க. விசாரணை வைக்கிறாங்க. அங்க வக்கீலுக்கு ஆளே இல்ல, அதனால டேட்டாவோட சிநேகிதன் ரைக்கர் தான் அவனுக்கு எதிரா வாதாடணும், முடியாதுன்னா விசாரணையே இல்லாம டேட்டா ஒரு மெஷின்னு எழுதிடுவேன்னு ஜட்ஜம்மா சொல்லிடறாங்க. ரைக்கர் எல்லார் முன்னாடியும் டேட்டாவோட கைய கழட்டிக் காட்டறான், அப்புறம் ஸ்விட்ச ஆஃப் பண்ணிடறான், டேட்டா அப்படியே சரிஞ்சு விழறான். அந்த இடத்துல ரைக்கர் மூஞ்சிய பாரு, ஜெயிச்சிடுவோமோன்னு பயந்து போய் நிக்கறான். அப்புறம் டேட்டா பக்கம் வாதாடற கேப்டன் பிக்கார்ட் எழுந்து, ஒரு டேட்டா சரி, ஆயிரக்கணக்குல செஞ்சா அது ஒரு இனம் ஆகாதா, அந்த இனத்தையே அடிமையா வச்சுக்கப் போறோமான்னு கேக்கறார். டேட்டாவுக்கு ஆத்மா இருக்கான்னு எனக்குத் தெரியாது, ஆனா அத தேடிப் பாக்கற உரிமை அவனுக்கு உண்டுன்னு ஜட்ஜம்மா முடிக்கிறாங்க.

இதுக்கப்புறமும் ஒரு சீன் இருக்கு, எனக்கு அது தான் உசுரு. எல்லாரும் பார்ட்டில இருக்காங்க, ரைக்கர் மட்டும் வரல, குத்த உணர்ச்சில தனியா உக்காந்திருக்கான். டேட்டா தேடிப் போய், நீ வாதாட மாட்டேன்னு சொல்லியிருந்தா எனக்கு எதிரா தான் தீர்ப்பு வந்திருக்கும், உன்ன வருத்திக்கிட்டு என்ன காப்பாத்தினியேங்கறான். மனுஷனா இல்லையான்னு இவ்வளவு நேரம் விவாதம் நடந்ததே, அவன் தான் வந்து ஆறுதல் சொல்றான். முக்கால் மணி நேரத்துல இவ்வளவும். கப்பல் எதுவும் வெடிக்கல, பூமிக்கு எந்த ஆபத்தும் இல்ல, ஒரு ரூம்ல சில பேர் பேசிக்கறாங்க, அவ்வளவு தான்.

அதே விஷயத்த 2020ல பிக்கார்ட் சீரிஸ்ல திரும்ப எடுத்தாங்க பாரு. அதே மேடாக்ஸ் வர்றார், ஆண்ட்ராய்டுகளுக்கு தடை, அதுக்குப் பின்னாடி ரோமுலன்னு ஒரு வேற்று கிரக இனத்தோட ரகசிய கும்பல், பத்து எபிசோட் ஒரே கதையா ஓடுது. நடிப்பெல்லாம் நல்லா இருந்தது, நான் முழுசா பாத்தேன். ஆனா அந்த கேள்வி எங்க போச்சு? அடுத்து யார் துரோகி, யார் யாரோட உளவாளின்னு தான் மனசு ஓடுச்சே தவிர, செஞ்ச ஒண்ணுக்கு உரிமை உண்டான்னு உக்காந்து யோசிக்க அந்தக் கதை எனக்கு நேரமே குடுக்கல.

இன்னொரு விஷயமும் சொல்லணும், இத நீ யோசிச்சிருக்க மாட்ட. அந்த டேட்டா கேஸ எழுதின மெலிண்டா ஸ்நாட்கிராஸ் அதுக்கு முன்னாடி வக்கீல். டிவியோட சம்பந்தமே இல்லாம தானா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பி அப்படி உள்ள வந்தவங்க. மூணாவது சீசன்ல மைக்கேல் பில்லர் எழுத்துக் குழுவுக்கு பொறுப்பெடுத்ததும் இன்னும் கதவத் தொறந்து விட்டாங்க, வெளி ஆளுங்க ஸ்கிரிப்ட் அனுப்பலாம், படிப்போம்னு. ரொனால்ட் மூர் அப்படி வந்தவர் தான், ஆமா, நீ கொண்டாடற பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவ 2000கள்ல திரும்ப எடுத்தாரே, அவரே. எபிசோட் தனித்தனியா இருந்ததால தான்டா இது முடிஞ்சது. எங்கயோ ஒருத்தர் மனசுல ஒரே ஒரு நல்ல கேள்வி இருந்தா போதும், அதுக்கு அங்க ஒரு இடம் இருந்தது. பத்து எபிசோடும் ஒரே கதைன்னா வெளியில இருந்து வர்றவங்க எத கொண்டு வந்து எங்க சொருகுவாங்க?

அந்தக் காலத்துல வேற வழியில்லாம தான் அப்படி பண்ணினாங்கன்னு நீ சொல்லுவ. உண்மை தான். ஒரு வாரம் விட்டா விட்டது தான், மறு ஒளிபரப்புல எந்த எபிசோட் எப்ப வரும்னே தெரியாது, அதனால எங்க ஆரம்பிச்சாலும் புரியணும்னு எழுதினாங்க. கட்டாயத்துல வந்த பழக்கமா இருந்தா என்ன, அதுல இருந்து வந்தது நல்லா இருந்ததா இல்லையா?

பெரிய கதைய கவனமா திட்டம் போட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னும் பாரு. பாபிலோன் 5ங்கற ஸ்பேஸ் சீரிஸ எடுத்த ஸ்ட்ராசின்ஸ்கி மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, அஞ்சு வருஷக் கதைன்னு முதல்லயே தீர்மானிச்சு மொத்தம் 110 எபிசோட்ல 92அ அவரே எழுதினார். நாலாவது சீசனோட நிறுத்திடுவாங்கன்னு நிலைமை வந்ததும் முக்கியமான முடிவையெல்லாம் அதுக்குள்ளயே அடைச்சார், அப்புறம் பாத்தா அஞ்சாவது சீசனும் கிடைச்சிடுச்சு, கதையோட எடை ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. அந்த மனுஷன் உழைப்புக்கு குறையே இல்ல, சேனல்காரங்க முடிவு அவர் கைல இல்ல, அவ்வளவு தான். எக்ஸ் பைல்ஸ்னு விசித்திரமான கேஸா துப்பறியற சீரிஸ்ல ஹீரோ மோல்டரோட காணாம போன தங்கச்சி எங்க போனாங்கற கேள்வி 1993ல ஆரம்பிச்சது, 2000ல தான் பதில் வந்தது. அத்தனை வருஷம் காத்திருந்ததுக்கு ஈடான பதில் அதுன்னு எனக்கு தோணல. அதே சீரிஸ்ல 'க்ளைட் ப்ரக்மேன்ஸ் ஃபைனல் ரிப்போஸ்'னு 1995ல ஒண்ணு வந்தது, யார் எப்படி சாவாங்கன்னு தெரிஞ்ச ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கதை, இப்ப எடுத்துப் பாத்தாலும் புதுசா இருக்கு.

மோசமான எபிசோடும் நிறைய உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா அது அன்னைக்கோட முடிஞ்சுது, அடுத்த வாரம் வேற கதை. தொடர்கதைல நடுவுல ஒரு திருப்பம் சொதப்பினா அதுக்கப்புறம் வர்ற எல்லாமே அந்த சொதப்பல் மேல தான் நிக்கணும்.

இப்ப நீ எப்பவும் சொல்றதுக்கு வர்றேன். ஒவ்வொரு வாரமும் எல்லாம் பழையபடி ஆயிட்டா அவங்களுக்கு நடந்ததுக்கு என்ன மதிப்பு, காயமே படாத மனுஷங்களான்னு கேப்ப. நியாயமான கேள்விடா. ஆனா தனிக்கதைன்னா மறந்துடணும்னு யார் சொன்னா? போர்க்னு பாதி மெஷினான ஒரு வேற்று கிரகக் கூட்டத்துக்கிட்ட மாட்டி பிக்கார்ட் பட்ட பாட்டுக்கு அப்புறம் 'ஃபேமிலி'ன்னு ஒரு முழு எபிசோட் குடுத்தாங்க, அண்ணனோட சேத்துல கட்டிப் புரண்டு அழுவாரே, 1990ல. 'தி இன்னர் லைட்'ல ஒரு வேற்று கிரகத்துல ஒரு வாழ்நாளே வாழ்ந்துட்டு வர்றார், கல்யாணம், பிள்ளைங்க, பேரன் எல்லாம், கப்பல்ல பாத்தா அரை மணி நேரம் கூட ஆகல. அங்க கத்துக்கிட்ட புல்லாங்குழல் அவரோடவே வருது, அடுத்த வருஷம் 'லெஸன்ஸ்'ல ஒரு பொண்ணு கிட்ட அத வாசிச்சு அது எங்கிருந்து வந்ததுன்னு சொல்றார். முன்னாடி நடந்தது தெரியாதவங்களுக்கும் அந்த சீன் புரியும், தெரிஞ்சவங்களுக்கு நெஞ்சடைக்கும். எனக்கு இந்த அளவு போதும். 2022ல வந்த இன்னொரு ஸ்டார் ட்ரெக் சீரிஸ் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸும் இத தான் பண்ணுது, கேப்டன் பைக் தனக்கு வரப்போற கதி தெரிஞ்சே ஒவ்வொரு நாளும் வேலைக்கு வர்றார், ஆனா அன்னைக்கு கதை அன்னைக்கே முடியுது. அதுல தொடர்றது ஆளுங்க மனசு தான்.

நீ பாக்காத ஒண்ணு சொல்றேன், டீப் ஸ்பேஸ் நைன்ங்கற ஸ்டார் ட்ரெக் சீரிஸ்ல 'தி விசிட்டர்', 1995. நீ சொல்ற மாதிரி பெரிய போர்க்கதை ஓடற சீரிஸ் தான் அது, ஆனா இந்த ஒரு எபிசோடுக்கு அதுல எதுவுமே தெரிய வேண்டாம், அப்பா பையன்னு தெரிஞ்சா போதும். ஒரு விபத்துல அப்பா காலத்துக்கு வெளில மாட்டிக்கறார், பல வருஷத்துக்கு ஒருமுறை சில நிமிஷம் பையன் முன்னாடி வந்துட்டு மறுபடி மறைஞ்சுடறார், அவருக்கு அது கண் மூடித் தொறக்கற நேரம், பையனுக்கு தலை நரைச்சுப் போகுது. அப்பாவ மீட்கணும்னு எழுத்து, பொண்டாட்டி, எல்லாத்தையும் விட்டுடறான். அப்பா வர்றப்பல்லாம் எனக்காக காத்திருக்காத, நீ வாழுடான்னு கெஞ்சறார். தூரத்துல பிள்ளை இருக்கற யாரும் இத பாத்துட்டு சும்மா எழுந்து போக முடியாது கண்ணா, நான் உன்ன தான் நினைச்சுக்கிட்டேன். இத சீசன் பூரா இழுத்திருந்தா ரெண்டாவது எபிசோட்லயே அவர எப்படி காப்பாத்துவாங்கன்னு மிஷின் பத்தி பேச ஆரம்பிச்சிருப்பாங்க.

நீ சொன்ன சீரிஸ நான் இந்த வாரமே ஆரம்பிக்கறேன், அந்த முதல் அஞ்சையும் விடாம பாக்கறேன். நீ 'தி விசிட்டர்' பாரு, நடுவுல நிறுத்தாம, போன கைல வச்சுக்காம பாரு, அதப் பத்தி முன்னாடியே எதுவும் தேடிப் படிக்காத. முடிஞ்சதும் எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடு, அந்தப் பையன் கடைசில பண்றது சரியான்னு எனக்கு உன்கிட்ட கேக்கணும்.

அம்மா