மெதுவாகப் போகிற படங்களுக்காக ஒரு வக்காலத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் வாசகர் பக்கத்தில் மட்டக்களப்பிலிருந்து ஒருவர், இப்போது வருகிற தமிழ்ப் படங்கள் எல்லாம் ஒரே இழுவை என்று எழுதியிருந்தார். ‘மெய்யழகன்’ பார்த்துக்கொண்டே நித்திரையாகிவிட்டாராம். ‘கொட்டுக்காளி’யைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். சரி, நித்திரை வந்தால் கொள்ளத்தான் வேண்டும், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கடைசி வரியில், குடும்பத்தோடு இருந்து பார்க்க இனி சீரியல்கள்தான் மிச்சம் என்று முடித்திருந்தார் பாருங்கள், அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் திருகோணமலையில் வீடியோக் கடை வைத்திருந்தவன். எண்பதுகளில் தொடங்கி, சீடி மலிந்து ஆளுக்கொரு கொப்பி அடித்துக்கொள்ளும் காலம் வரும்வரை அதுதான் பிழைப்பு. கசெட் வாடகைக்குக் கொடுப்பதோடு, கரண்ட் இல்லாத ஊர்களுக்கு டிவி, டெக், ஜெனரேட்டர் எல்லாம் கொண்டுபோய் விடிய விடியப் படம் போடுவோம். மூதூருக்கு லோஞ்சில் போகும்போது டெக்கை மடியில்தான் வைத்திருப்பேன், உப்புத்தண்ணி பட்டால் கதை முடிந்தது. சாமத்திய வீடு, கலியாண வீடு என்று எதற்கும் கூப்பிடுவார்கள். ஒரு இரவுக்கு மூன்று படம். முதலாவது குடும்பப் படம், ஏனென்றால் வீட்டுப் பெண்கள் அந்த நேரத்தில்தான் விழித்திருப்பார்கள். சாமத்தில் சண்டைப் படம், பொடியள் தூங்கிவிடாமல் இருக்க. விடியப்புறம் ஒரு பழைய சிவாஜி படம் போட்டால், வெள்ளெனவே எழும்பிவிடும் கிழவர்கள் வந்து குந்துவார்கள்.

கசெட்டை ரீவைண்ட் பண்ணாமல்தான் பாதிப் பேர் திருப்பித் தருவார்கள். அதற்காகச் சண்டையும் பிடித்திருக்கிறேன். ஆனால் அதில் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. டெக்கில் போட்டுப் பார்த்தால், படம் எந்த இடத்தில் அலுத்தது என்று தெரிந்துவிடும். இரண்டு பேர் திண்ணையில் இருந்து கதைக்கிற இடத்தில் நின்ற கசெட் மிகக் குறைவு. அநேகமாக மூன்றாவது சண்டையிலோ, கதைக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது பாட்டிலோதான் நின்றிருக்கும். மெதுவாகப் போவதற்காகச் சனம் படத்தை நிறுத்துவதில்லை என்று அப்போதே கண்டுகொண்டேன்.

இப்போது கடையும் இல்லை, டெக்கும் இல்லை. மகள் தன் போனிலிருந்து எதையோ அமத்தி டிவியில் படம் வரவைக்கிறாள், நான் கதிரையில் இருந்து பார்க்கிறேன். அப்படித்தான் ‘மெய்யழகன்’ பார்த்தேன். 1996 இல் தஞ்சாவூரில் இருந்த வீட்டை விட்டு ஒரு குடும்பம் போகிறது. இருபது வருடத்துக்கு மேலாகி, ஒரு கலியாணத்துக்காக நீடாமங்கலம் வருகிற அருளை (அரவிந்த்சாமி) ஒருவன் (கார்த்தி) ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொண்டு உபசரிக்கிறான். அருளுக்கு அவன் பெயர் ஞாபகமில்லை. கேட்கவும் வெட்கம். கதை அவ்வளவுதான். என் மனுசி பாதிப் படம் முழுக்க ‘பேரைக் கேட்டுத் துலையன்’ என்று டிவியைப் பார்த்து ஏசிக்கொண்டே இருந்தா. அப்படி ஏச வைக்கிறதற்குத்தான் அந்த நீளம் வேண்டும். அரை மணிநேரத்தில் பெயரைச் சொல்லியிருந்தால் அது ஒரு பகிடி. அவன் சோறு போட்டு, கூட்டித் திரிந்து, ஒரு இரவு முழுக்கக் கதைத்த பிறகும் பெயர் வரவில்லை என்றால்தான் அந்த மனிசனுக்கு நெஞ்சு அடைக்கும். இயக்குநர் பிரேம்குமார், படம் தியேட்டருக்கு வந்த பிறகு நீளம் என்ற முறைப்பாடு கேட்டுச் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார். எனக்கு அது கவலை. காளைமாட்டுக் கதை எனக்கும் கொஞ்சம் கூடத்தான், கார்த்தியின் பாத்திரமும் ஒரு குறையுமில்லாத நல்லவனாக இருக்கிறது, அதெல்லாம் இருக்கட்டும். சமைத்த ஆள் சாப்பாட்டை இலையில் போட்ட பிறகு அள்ளி எடுக்கக் கூடாது.

எங்கள் தெருவிலும் 1990 இல் பூட்டிவிட்டுப் போன வீடுகள் இருக்கின்றன. கனடாவிலிருந்து வந்து, யாரோ குடியிருக்கும் பழைய வீட்டின் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். எதிர்வீட்டு ஆள் ஓடிவந்து கையைப் பிடிப்பான். இவருக்கு அவன் பெயர் வராது. ‘எப்பிடி, பிள்ளையள் எல்லாம் சுகமோ’ என்று பொதுவாகக் கேட்டுச் சமாளிப்பார். இந்தப் படத்தை இந்த ஊரில் இருந்து பார்த்தால் எப்படி நித்திரை வரும் என்று எனக்கு விளங்கவில்லை.

‘கொட்டுக்காளி’ வேறு மாதிரி. பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது, 2024 ஓகஸ்டில் வந்தது. பின்னணி இசை என்று ஒன்று இல்லை. மருமகன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார், டிவியில் ஏதோ கோளாறு என்று. வேறு சாதிப் பொடியனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, ஒரு ஆட்டோவிலும் சில மோட்டார் சைக்கிள்களிலும் குடும்பமே அவளைச் சாமி பார்க்கிறவரிடம் கொண்டுபோகிறது. அந்தப் பிள்ளை (அன்னா பென்) வாயே திறக்காது. சுற்றி உள்ளவர்கள் வாயே மூட மாட்டார்கள். பரோட்டாப் பகிடியில் மட்டும் சூரியை ஞாபகம் வைத்திருப்பவர்கள், இதில் தொண்டையில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கரகரத்த குரலில் அவர் காட்டுகிற கோபத்தைப் பார்க்க வேண்டும். வழியில் ஒரு மாடு குறுக்கே நிற்கும். இத்தனை ஆம்பிளையளும் கிட்டப் போகப் பயந்து நிற்க, ஒரு சின்னப் பிள்ளை வந்து இலகுவாகக் கூட்டிக்கொண்டு போய்விடும். மட்டக்களப்பு நண்பர் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே நிறுத்தியிருக்கிறார் போல. திரும்பப் போட்டுப் பாருங்கள் ஐயா. முடிவு எனக்கும் முழுதாக ஒப்பவில்லை, வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. ஆனால் பார்த்த பிறகு இரண்டு நாள் மருமகனும் நானும் அதைப் பற்றியே கதைத்தோம். சாதாரணமாக நாங்கள் தண்ணீர் மோட்டரைப் பற்றி மட்டும்தான் கதைப்போம்.

வேகமான படத்துக்கும் வருவோம். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை எங்கள் ஊரில் பார்க்காத வீடு இல்லை. சசிகுமாரும் சிம்ரனும் நல்லாய்ச் செய்திருக்கிறார்கள், அந்தச் சின்னப் பொடியன் கமலேஷ் வருகிற இடமெல்லாம் வீடே சிரித்தது. அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம் என்று நம்ப முடியவில்லை. எனக்கு ஒரே ஒரு மனக்குறை. இலங்கையிலிருந்து களவாக இந்தியாவுக்குப் போகிற ஒரு குடும்பத்தின் கதை அது, ஆனால் படம் தொடங்கும்போதே குடும்பம் கரைக்கு வந்துவிடுகிறது. 2022 மார்ச்சில் மன்னார்ப் பக்கமிருந்து வள்ளத்தில் போய், தனுஷ்கோடிக்குக் கிட்ட மணல்திட்டில் பிள்ளைகளோடு இறங்கிய சனத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையிலேயே வாசித்தோம். அந்தக் கடலை எப்படிக் கடந்தார்கள் என்று ஒரு பத்து நிமிடம் காட்டியிருந்தால், அதற்குப் பிறகு வருகிற பகிடிக்கெல்லாம் இன்னும் பாரம் இருந்திருக்கும். அதோடு, சென்னையில் அந்தத் தெருவில் எல்லோரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். வாடகை வீடு தேடி அலைந்த எங்கள் ஆட்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

ஆனால் கவனியுங்கள், அதே படத்தில் எல்லோரும் அழுத இடம் எது? பக்கத்து வீட்டு அம்மா செத்துப்போன பிறகு, ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத அந்தத் தெருவை தர்மதாஸ் (சசிகுமார்) ஒவ்வொரு ஆளாகக் கூட்டி வந்து செத்தவீடு நடத்துகிற இடம். அங்கே படம் அவசரப்படவே இல்லை. எங்கள் பக்கத்தில் செத்தவீடு என்றால் கதிரை அடுக்குவதும், தேத்தண்ணி ஊற்றுவதும், பந்தலுக்குத் தகரம் கொண்டுவருவதும் சொல்லாமலே நடக்கும். அதைப் படத்தில் பொறுமையாகக் காட்டினார்கள், சனம் பொறுமையாகப் பார்த்தது. ஒருவரும் இழுவை என்று சொல்லவில்லையே.

எங்கள் நாட்டு இயக்குநர் பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’ ஒன்றரை மணிநேரம்தான். கேரளாவிலிருந்து கலியாண நாளைக் கொண்டாட ஒரு சோடி இலங்கை வருகிறது, 2022 நெருக்கடி நேரம். பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, அவர்களுடைய போனும் லப்டொப்பும் களவு போகிறது, பொலிஸ் தோட்டத்துத் தமிழ்ப் பொடியன்களைப் பிடிக்கிறது. நடந்ததை எல்லாம் நாங்கள் வரிசையில் நின்று பார்த்தவர்கள், அதனால் எனக்குப் புதினம் குறைவு. ஆனால் தர்ஷனா ராஜேந்திரன் ஒன்றும் சொல்லாமல் புருசனைப் பார்த்துக்கொண்டிருக்கிற இடங்கள் இருக்கிறதே, கத்திக் கதைப்பதை விட அதுதான் பயம். அவர் மானை ஆவென்று பார்த்து நிற்கும்போது மட்டும் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டையடியில் மான்கள் ஆட்களின் கையில் இருக்கிற பையைத்தான் முதலில் பார்க்கும்.

‘லப்பர் பந்து’ நல்ல கலகலப்பு, கிரிக்கெட் பைத்தியங்கள் உள்ள வீட்டில் கட்டாயம் பார்க்க வேண்டியது, இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது சீரியல். நான் பார்க்காமல் சொல்லவில்லை, மனுசியோடு இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ‘சிறகடிக்க ஆசை’ 2023 தொடக்கத்தில் வந்தது. பூக்கட்டுகிற மீனாவும் கார் ஓட்டுகிற முத்துவும் நல்ல பாத்திரங்கள், முதல் கொஞ்ச மாதம் நானும் விரும்பித்தான் பார்த்தேன். அப்புறம் அந்த ரோகிணி. பணக்காரி என்று பொய் சொல்லி, பிள்ளை இருப்பதை மறைத்து அந்த வீட்டுக்குள் வந்தவள். அந்தக் குட்டு இன்றைக்கு உடையும், நாளைக்கு உடையும் என்று வருடக்கணக்காகக் கொண்டுபோனார்கள். யாராவது உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் போன் அடிக்கும். போன் அடிக்காவிட்டால் மயங்கி விழுவார்கள். ஹோலில் நிற்கிற ஒவ்வொரு முகத்துக்கும் கமரா போய், இடிச் சத்தம் போட்டு, திரும்பவும் அதே முகங்களுக்கு வரும். அடுத்த நாள் அந்த முகங்களிலிருந்தேதான் தொடங்கும். மெய்யழகனில் இரண்டு பேர் இரவிரவாகக் கதைக்கிறார்கள் என்று நித்திரை வருகிறவர், இதை எப்படிக் கண் முழித்துப் பார்க்கிறார்?

சீரியலில் நல்லதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ‘எதிர்நீச்சல்’ குணசேகரனாக மாரிமுத்து இருந்தவரை அந்த வீட்டுப் பெண்கள் படுகிற பாடு உண்மையாக இருந்தது, ஏனென்றால் அப்படி ஒரு பெரியப்பாவோ மாமாவோ எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மனிசன் அதற்கு முன் ‘கண்ணும் கண்ணும்’ என்று படமும் இயக்கியவர். 2023 செப்டம்பரில் அவர் திடீரென்று செத்தபோது எங்கள் ஒழுங்கையில் சொந்தக்காரர் போனது போலக் கதைத்தார்கள். பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார், நல்ல நடிகர்தான், ஆனால் மனுசிக்கு ஒத்துவரவில்லை. அதோடு அவ அதை விட்டுவிட்டா.

எட்டு எபிசோட் என்று வருகிற தொடர்களும் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டன. ‘அயலி’ மிகவும் பிடித்தது. பெரிய பிள்ளையானால் படிப்பை நிறுத்தி விடுவார்கள் என்று, தான் பெரிய பிள்ளையானதையே மறைத்துப் பள்ளிக்கூடம் போகிற ஒரு சிறுமி. அதுவும் எட்டு எபிசோட்தான், ஒன்றும் கூடுதல் இல்லை. ‘சுழல்’ முதல் பகுதியில் மயானக் கொள்ளைத் திருவிழாவும் விசாரணையும் பின்னிப்பின்னிப் போனது அருமை. இரண்டாவது பகுதியில் கொலையை யார் செய்தார் என்பதை விட, எப்போது சொல்வார்கள் என்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஐயா. சினிமாப் பக்கத்தில் எந்தப் படம் எத்தனை கோடி வசூல் என்று போடுகிற இடத்தில், எங்கள் நாட்டுப் படம் ஒன்றைப் பற்றி எழுதுங்கள். தர்மசேன பத்திராஜ 1977 இல் எடுத்த ‘பொன்மணி’யில் இருந்து தொடங்கலாம். காவலூர் இராசதுரை எழுதியது. சாதி மாறி விரும்பிய பெண்ணுக்கு யாழ்ப்பாணத்தில் என்ன நடக்கும் என்று, ‘கொட்டுக்காளி’ வருவதற்கு 47 வருடம் முன்பே காட்டிய படம். அதுவும் மெதுவாகத்தான் போகும். என் கடையில் அதன் கசெட் கேட்டு ஒருவரும் வந்ததில்லை, கேட்டிருந்தாலும் கொடுக்க என்னிடம் இருந்ததில்லை. அதைத் தியேட்டரில் பார்த்தவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்கள் உங்களுக்கு எழுதினால் நீளத்தைப் பார்த்து வெட்டாமல் போடுங்கள். என்னுடைய கடிதத்தை வேண்டுமானால் வெட்டலாம், ‘லப்பர் பந்து’ பந்தியை முதலில்.

இப்படிக்கு,
பழைய வீடியோக் கடைக்காரன்,
உவர்மலை, திருகோணமலை.