அவனை நான் எதுக்கு வெட்டணும், தம்பி?

தமிழ்ப்பட இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். கோயில் கொடைகளில், அதாவது எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாக்களில், வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிப்பது தொழில். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் உங்களில் ஒருவர் எடுத்த படத்தில், கதாநாயகனின் முழங்கை பட்டு வாழைத்தோப்புக்குள் பறந்துபோய் விழுந்த அடியாட்களில் நானும் ஒருவன்.

கொடைக் காலம் சித்திரை பிறந்தால்தான் சூடு பிடிக்கும். மாசியில் எங்களைப் போன்றவர்கள் கையில் காசு நிற்காது. அந்தச் சமயம் பார்த்து ஆற்றங்கரைத் தோப்பில் சூட்டிங் வந்தது. கொஞ்சம் உடம்பாக இருக்கிற ஆட்கள் வேண்டும், அறுநூறு ரூபாய், மூன்று வேளைச் சாப்பாடு என்றார்கள். போனோம். விடியுமுன்னே வரிசையில் உட்காரவைத்து முகத்திலும் கையிலும் எண்ணெய் தடவினார்கள். நெற்றி நிறையக் குங்குமம். கையில் மூன்றடி நீளத்துக்கு ஓர் அட்டை அருவாள், வெள்ளிப் பெயின்ட் அடித்தது. எங்கள் பக்கம் வாழைத்தார் வெட்ட ஓர் அருவாள் உண்டு, கதிர் அறுக்கப் பன்னருவாள் உண்டு, பனையேறி இடுப்பில் பாளை அருவாள் உண்டு. அவ்வளவு நீளம் என்றால் அது சாமிக்கு நேர்ந்து வைக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் டீக்கடைக்குப் போவதில்லை.

பத்து மணிவாக்கில் உதவி இயக்குநர் தம்பி ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை, எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். "அண்ணே, நீங்க ஏழாவது ஆள். ஹீரோ ஜீப்பை விட்டு இறங்கினதும் கத்திக்கிட்டே ஓடி வரணும்" என்றார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவனை நான் எதுக்கு வெட்டணும், தம்பி?"

"நீங்க வில்லனோட ஆளுண்ணே."

"சரி, வில்லன் எதுக்கு வெட்டச் சொல்லுதாரு?"

தம்பி கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். அப்புறம் சொன்னார்: "அவரு கெட்டவருண்ணே." அதற்குள் மைக்கில் யாரோ அவரைத் திட்டினார்கள். ஓடுகிற ஓட்டத்தில் திரும்பி, "முறைச்சாப் போதும்ணே" என்றார்.

முறைத்தேன். இரவு பதினொரு மணி வரை முறைத்தேன். அறுநூறில் நூறை ஆள் பிடித்துக் கொடுத்தவர் எடுத்துக்கொண்டார். அதைப் பற்றிப் பேச இந்த மடலை எழுதவில்லை.

படம் வந்ததும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். நான் வருவது மூன்று நொடி. ஏழாம் வகுப்பு படிக்கிற என் மகள் இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யப்பா, நீ ஏன் அந்த மாமாவ வெட்ட ஓடுன?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. தெரியாது என்பதுதான் உண்மை. மறுவாரம் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'அருவா மக' என்று பேர் வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம். ஐயா, அந்த மூன்று நொடிக்கு ஒரு காரணம் எழுதியிருந்தால் என் மகளுக்கு நான் ஒரு கதையாவது சொல்லியிருப்பேன்.

வில்லில் எங்களுக்கு இந்தச் சிக்கல் வராது. லொகேஷன் பார்க்க வரும்போது இசக்கியம்மனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு பிள்ளை, வாயில் கடித்தபடி இன்னொரு பிள்ளை. பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் அவள் மரத்தில்தான் தொட்டில் கட்டுகிறார்கள். பிள்ளையைக் கடிக்கிறவளிடமே போய்ப் பிள்ளை கேட்கிற ஊர் ஐயா இது. எங்களுக்குப் போய், சுருட்டுப் பிடித்தால் வில்லன் என்று பாடம் நடத்துகிறீர்கள்.

இசக்கி கதை ஊருக்கு ஊர் மாறும். நாங்கள் பாடுகிறபடி சொல்கிறேன். ஒருவனை நம்பி வந்த பெண் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். நகைக்கு ஆசைப்பட்டு அவன் அவள் தலையில் கல்லைப் போடுகிறான். சாட்சி பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி மட்டும். அடுத்த பிறவியில் அவன் ஒரு வணிகன், அவள் பேய். கள்ளிக் கொப்பு ஒன்றை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் புருஷன் என்னைத் தவிக்கவிட்டு ஓடுகிறான்" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுகிறாள். அவள் சொல்வது பச்சைப் பொய் என்று கேட்கிற எல்லோருக்கும் தெரியும். இந்தப் பிறவியில் அவன் ஒரு பாவமும் செய்யவில்லை என்றும் தெரியும். பெரியவர்கள் இருவரையும் ஒரே வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள்.

அந்த இடத்தில் எங்கள் அண்ணாவி, வில்லடித்துக் கதை பாடுகிற தலைவர், கையைத் தூக்குவார். நான் குடத்தை நிறுத்தவேண்டும். வில்மணிச் சத்தமும் நிற்கும். ராத்திரி இரண்டு மணி, பந்தலில் ஒரு குழந்தை இருமினால்கூடக் கேட்கும். விட்டுவிடுவாளோ என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். விட்டுவிடாதே தாயே என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். முன்வரிசைக் கிழவிகள் இரண்டையும் சேர்த்து நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். முடிவு தெரிந்த கதைதான், வருஷா வருஷம் கேட்கிற கதைதான். இருந்தாலும் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கப்போகிறது என்று அந்த நிமிஷத்தில் யாருக்கும் நிச்சயமில்லை. ஏனென்றால் அவளுக்கே நிச்சயமில்லை.

இதைத்தான் கேட்கிறேன். உங்கள் வில்லனுக்கு அந்தச் சாத்திய கதவை ஒரு தடவை கொடுங்கள்.

அடுத்து என்ன செய்வான் என்று தெரியாத வில்லன் வேண்டும் என்று நீங்களும் பேட்டிகளில் சொல்கிறீர்கள். படத்தில் பார்த்தால், அவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று தன் ஆளையே சுட்டுவிடுகிறான். ஏழாவது ஆள் என்ற முறையில் எனக்கு இதில் சொந்த வருத்தமும் உண்டு. இரண்டு தடவை பார்த்தால் மூன்றாம் தடவை யாரைச் சுடுவான் என்று எங்களுக்கே தெரிந்துவிடுகிறது. கொடையில் சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடி வேட்டைக்குக் கிளம்பும்போது கூட்டம் பத்தடி பின்வாங்கும், ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். சாமி தன்னிடம் வந்து என்ன சொல்லுமோ என்ற பயம், தன்னிடம் வராமலே போய்விடுமோ என்ற ஏக்கம். திடீர்த் துப்பாக்கியில் அந்த ஏக்கம் எங்கே இருக்கிறது?

உங்கள் தொழிலில் இது நடக்காத காரியமில்லை. 1954-லேயே 'அந்த நாள்' படத்தில் சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுக்கிறவராக நடித்தார். தன் திறமையை இந்த நாடு மதிக்கவில்லை என்ற கோபம் அந்த ஆளுக்கு. செய்தது துரோகம், ஆனால் கோபம் நமக்குப் புரிகிறது. பாட்டே இல்லாத படம் அது. 1999-ல் 'படையப்பா'வின் நீலாம்பரி, ஒருவன் தன்னை விரும்பவில்லை என்பதற்காக வருஷக்கணக்கில் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தாள். அந்த அறைக்கதவு அவளுக்கு எந்த அருவாளையும்விட நல்ல ஆயுதம்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் வந்த 'பரியேறும் பெருமாள்' திருநெல்வேலியில் நடக்கிற கதை. அதில் கொலை செய்கிற கிழவர் பஸ் ஸ்டாண்டில் நம் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை கேட்கிறவர் மாதிரி இருப்பார். செய்கிற கொலையெல்லாம் விபத்து மாதிரி, தற்கொலை மாதிரித் தெரியும். அருவாள் தூக்கி வருகிறவனைவிட அவரைக் கண்டுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நடுங்கினார்கள். அதே படத்தில் கதாநாயகியின் அப்பா, மகள் மேல் உள்ள பாசத்துக்கும் சொந்தக்காரர்கள் மேல் உள்ள பயத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிப்பார். அந்த மாதிரி அப்பாக்களை எங்கள் தெருவில் எனக்குத் தெரியும். நல்லவர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்று ஒதுக்கவும் முடியாது.

ஒரு பேச்சுக்குச் சொல்லிவிடுகிறேன். வில்லனுக்குக் காரணம் கொடுங்கள் என்றால் அவனுக்கு மாலை போடுங்கள் என்று அர்த்தமில்லை. 2023-ல் 'மாமன்னன்' வந்தபோது அதில் ஜாதித்திமிர் பிடித்த வில்லன் ரத்தினவேலுவின் காட்சிகளை வெட்டி, தங்கள் ஜாதிப் பாட்டைச் சேர்த்து, போனில் போட்டுக் கொண்டாடினார்கள். இயக்குநர் நினைத்தது ஒன்று, இளவட்டங்கள் எடுத்துக்கொண்டது ஒன்று. இங்கே இருந்துகொண்டு அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அண்ணாவி இசக்கிக்காக அழவைப்பார், ஆனால் வணிகனின் பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருப்பதையும் பாடாமல் விடமாட்டார். அந்த இரண்டாவது பாட்டை நீங்கள் எடிட்டிங்கில் வெட்டிவிடுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

இவ்வளவு சொல்லிவிட்டேன், பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேனே. 'ஏலே' என்பதை வாக்கியத்துக்கு நாலு தடவை போட்டால் நெல்லைத் தமிழ் ஆகிவிடாது. பெரியவரைப் பார்த்து 'ஏலே' என்றால் இங்கே செவுளில்தான் விழும். திருநெல்வேலி என்றால் ஒன்று அல்வா, இல்லாவிட்டால் அருவாள். நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது, அதில் நீங்கள் சுமோவை மட்டும்தான் தள்ளிவிடுகிறீர்கள். எங்கள் மாவட்டத்தில் இருக்கிற சுமோவைவிட உங்கள் படங்களில் வெடித்த சுமோ அதிகம். மெய்யாகவே ஒருநாள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். கேட்க வந்தது சின்ன விஷயம். செலவில்லாத விஷயம். கிரேன் வேண்டாம், வெளிநாட்டுச் சண்டைப் பயிற்சியாளர் வேண்டாம். அடுத்த படத்துக்கு எழுதும்போது வில்லன் வெட்டச் சொல்கிற இடத்தில் எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள். சொல்லிவிட்டு அவன் ஒரு நிமிஷம் தயங்கட்டும், அந்தத் தயக்கத்தில் பின்னணி இசையை நிறுத்தச் சொல்லுங்கள். தயவுசெய்து.

வருகிற மாசியிலும் சூட்டிங் இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். நானும் வருவேன், வராமல் முடியாது. அதே அறுநூறு போதும், எண்ணெயும் தடவிக்கொள்கிறேன். உதவி இயக்குநர் தம்பியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஏழாவது ஆள் அதே கேள்வியைத்தான் கேட்பான் என்று.

இப்படிக்கு,
குடக்காரன்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்