காற்று எவ்வளவு என்று ஒரு வரி எழுதிவையுங்கள்: சின்ன டிரெய்லர் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சின்ன டிரெய்லர் செய்கிற பட்டறைக்காரர்களுக்கும் அவற்றை விற்கிற கடைக்காரர்களுக்கும் இந்த மடல். லாரி இழுக்கிற பெரிய டிரெய்லர்களைப் பற்றி நான் பேசவில்லை. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி, நாலு சாமான், தோட்டத்துக் கழிவு, கொஞ்சம் மணல், ஒரு பழைய பீரோ என்று ஏற்றிப் போகிறோமே, ஒரே ஆக்ஸில், இரண்டே டயர் வைத்த வண்டி, அதைப் பற்றித்தான்.

உங்கள் வெல்டிங்கில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் வண்டியின் இரும்புச் சட்டம் வாங்கிய நாளில் இருந்ததுபோல இன்றும் இருக்கிறது. டயர்தான் போய்விட்டது.

2018-இல் புதிதாக வாங்கினேன். வருடத்துக்கு ஏழெட்டு முறை ஓட்டியிருப்பேன். மீதி நாளெல்லாம் வீட்டோரம் வெயிலில் நின்றது. 2023-இல் ஒருநாள் அரைச் சுமையோடு போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே முந்தி வந்து, என் வண்டியின் பின்பக்கம் கையைக் காட்டினார். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், இடது சக்கரத்தில் டயர் என்று சொல்ல எதுவும் இல்லை. ரிம்மைச் சுற்றி இரண்டு கம்பி வளையமும் கொஞ்சம் கிழிந்த நாரும் தொங்கின. எத்தனை தூரம் அப்படி ஓட்டி வந்தேன் என்பது எனக்கே தெரியாது. காரில் டயர் இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கும், தடதடக்கும். டிரெய்லரில் இறங்கினால் ஓட்டுகிறவருக்குச் சேதியே வராது. காற்று குறைந்தால் காரில் ஒரு விளக்கு எரியுமே, அதற்கும் பின்னால் வருகிற வண்டியின் கவலை கிடையாது.

வலது டயரைக் கழற்றி ஒரு டயர் கடைக்கு எடுத்துப் போனேன். பட்டன், அதாவது தரையில் படுகிற ரப்பர் மேடுகள், தேயவே இல்லை, புதிதுபோல நின்றது. இது ஏன் வெடிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. கடையில் இருந்தவர் பட்டனைப் பார்க்கவே இல்லை. டயரைத் திருப்பிப் போட்டு, வண்டியில் இருக்கும்போது ஆக்ஸிலைப் பார்த்திருக்கும் பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, நான்கு இலக்கங்களைக் காட்டினார். 1115. அதாவது 2015-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்த டயர். நான் ‘புது’ வண்டி வாங்கிய அன்றே அதற்கு மூன்று வயது. கூடவே பிறந்த இடது டயர் வெடித்தபோது எட்டு வயது.

அப்புறம், “காத்து எவ்வளவு வைப்பீங்க?” என்று கேட்டார்.

“காருக்கு வைக்கிற மாதிரிதான், 32.”

சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அதே டயரில் இன்னொரு வரியை விரலால் தடவிக் காட்டினார். 4.80-8 என்ற அளவு. அதற்குக் கீழே ஒரு டயர் தாங்கக்கூடிய அதிகபட்சச் சுமை: 590 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 268 கிலோ. அதற்கான காற்றழுத்தம், ஓட்டாமல் டயர் குளிர்ந்த நிலையில், 60 பிஎஸ்ஐ. கறுப்பு ரப்பரில் கறுப்பு எழுத்து, அரிசி அளவுக்கு. ஐந்து வருடம் பாதிக் காற்றில் ஓட்டியிருக்கிறேன்.

தவறு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டியை ஒப்படைத்தபோது கொக்கியை எப்படிப் பூட்டுவது, விளக்கு ஒயரை எங்கே சொருகுவது என்றெல்லாம் பத்து நிமிடம் சொன்னவர்கள், டயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியிலும் எழுதியிருக்கவில்லை. சின்னச் சக்கரத்துக்குச் சின்னக் காற்று போதும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? உண்மை நேர்மாறு. டயருக்குள் இருக்கிற காற்றுதான் சுமையைத் தாங்குகிறது. காற்றுக்கு இடம் குறைவாக இருக்கிற குட்டி டயர் அதே வேலையைச் செய்ய வேண்டுமானால் அழுத்தம் கூடித்தான் ஆக வேண்டும். இதே 4.80-8 அளவில் 90 பிஎஸ்ஐ கேட்கிற டயரும் உண்டு. (அதற்குச் சாதாரண ரப்பர் வால்வு போதாது, அது 65 வரைக்குத்தான். இதையும் உங்களில் சிலர் மறந்துவிடுகிறீர்கள்.)

காற்று குறைந்தால் என்ன ஆகிறது? டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடாகுமே, அதே சங்கதிதான். இந்தக் குட்டிச் சக்கரத்தின் குறுக்களவு சுமார் 41 செ.மீ. கார்ச் சக்கரம் 63 செ.மீ. அளவில் இருக்கும். கார்ச் சக்கரம் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் இது மூன்று சுற்று சுற்றியாக வேண்டும். சூடு ஏறி, உள்ளே ரப்பரும் நாரும் ஒட்டு விட்டுப் பிரிகின்றன. வெளியே ஒரு வீக்கமாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். பல சமயம் அதுவும் தெரியாது.

சுமைக் கணக்கையும் பாருங்கள். இரண்டு டயரும் சேர்ந்து 536 கிலோ. வண்டியின் எடையே 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஈரமணல் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 1,900 கிலோ. 1.8 மீட்டருக்கு 1.2 மீட்டர் தட்டில் அரைச் சாண் உயரத்துக்கு, சுமார் 11 செ.மீ., ஈரமணலைப் பரப்பினாலே 450 கிலோ வந்துவிடும். மொத்தம் 600. கொக்கி பத்தில் ஒரு பங்கைத் தாங்கினாலும் டயர் தன் எல்லையைத் தொட்டு நிற்கிறது, அதுவும் 60 பிஎஸ்ஐ முழுசாக இருந்தால். 32 வைத்திருந்தால் தாங்கும் எடையும் வெகுவாகக் குறைந்துவிடும். தட்டுக்கு ஒன்றரை அடி உயரத்தில் பக்கப் பலகை வைத்துக் கொடுக்கிறீர்கள். அவ்வளவு உயரத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ரொப்பத் தோன்றாது?

இனி வயது விஷயம். எனக்கு அதிகமாக எரிச்சல் தந்தது இதுதான். கார் டயர் ஓடித் தேய்ந்து சாகிறது. டிரெய்லர் டயர் நின்றே சாகிறது. ரப்பரில் ஒரு வகை மெழுகு கலந்திருப்பார்கள். டயர் ஓடும்போது வளைந்து நெளிந்து, அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்து, ஓசோனும் வெயிலும் ரப்பரைப் பிளக்காமல் காக்கிறது. மாதக்கணக்கில் நின்ற டயருக்கு அந்தப் பூச்சு கிடைப்பதில்லை. பக்கச் சுவரில் முதலில் முடிபோல வெடிப்பு விடும். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். அந்த நிலைக்கு வந்த டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. ஜெர்மனியில் டிரெய்லரோடு போகிறவருக்கு வழக்கமான வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ. அதை 100 ஆக்க அனுமதி வேண்டுமானால், மற்ற நிபந்தனைகளோடு, டிரெய்லரின் டயர் ஆறு வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். நீங்களோ மூன்று வயது டயரை மாட்டி, தேதி உள்பக்கம் போகும்படி திருப்பி, புதிது என்று கொடுக்கிறீர்கள். வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. பல டயர்களில் முழுத் தேதி ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மாட்டுகிற பையன் எந்தப் பக்கம் கைக்கு வந்ததோ அந்தப் பக்கம் மாட்டுகிறான். அவனிடம் ஒருமுறை சொன்னால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியம் எதுவும் இல்லை.

மட்கார்டில், சக்கரத்துக்கு நேர் மேலே, காற்று எவ்வளவு என்று பெயின்டில் எழுதுங்கள். ஒட்டுத்தாள் வேண்டாம், இரண்டு மழையில் உரிந்துவிடும். ‘குளிர்ந்த நிலையில்’ என்றும் சேர்த்து எழுதுங்கள். ஓட்டி வந்த சூட்டில் அளந்துவிட்டு, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்குகிறவர்கள் நிறையப் பேர். டயரைத் தேதி வெளியே தெரிகிற மாதிரி மாட்டுங்கள். விற்பனைச் சீட்டிலும் அந்த நான்கு இலக்கத்தைக் குறித்துக் கொடுங்கள்.

ஸ்டெப்னியைத் தனி விலைக்கு விற்கிற பொருளாக வைக்காதீர்கள். இந்த அளவு டயர் வழியில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. வீல் ஸ்பேனரும் வேண்டும். காரில் இருக்கிற ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குப் பொருந்தும் என்று எந்த உறுதியும் இல்லை. எனக்குப் பொருந்தவில்லை. சாலையோரத்தில் நின்று அதைக் கண்டுபிடிப்பது தனி அனுபவம். இன்னொன்று, டயர் முழுசாகப் போய் ரிம்மில் நிற்கிற வண்டியின் ஆக்ஸில் தரைக்கு மிக அருகில் இறங்கிவிடும். கார் ஜாக்கி அடியில் நுழையாது. ஒரு பலகைத் துண்டை வைத்து, அதன் மேல் டயர் போன அந்தச் சக்கரத்தையே ஏற்றி இடைவெளி உண்டாக்கிக்கொண்டுதான் ஜாக்கி வைக்க முடியும். அந்தப் பலகையைச் சட்டத்தில் செருகி வைக்க ஒரு கொக்கி போட்டுக் கொடுத்தால் உங்களை வாழ்த்துவோம்.

வீல் நட்டை முதல் 80, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். புது ரிம்மில் பெயின்ட் அமுங்கி நட்டு தளரும். பேரிங்குக்கு கிரீஸ் எப்போது வைப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள். கிரீஸ் வற்றிய பேரிங் ஆடத் தொடங்கினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், திட்டுத்திட்டாகவும் தேயும். நாங்கள் டயர் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நான் இப்போது கிளம்பும் முன்பு, வெயில் ஏறுவதற்குள், காற்றை அளக்கிறேன். அரை மணி ஓட்டியதும் ஒருமுறை நிறுத்தி, புறங்கையை இரண்டு டயருக்கும், சக்கரத்தின் நடுவே பேரிங் இருக்கிற இரண்டு ஹப்புக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் மேலே போவதில்லை. வீட்டில் நிற்கும்போது சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து டயரின் மேல் பாரம் இல்லாமல் வைக்கிறேன், காற்றை மட்டும் இறக்குவதில்லை. சக்கரத்தின் மேல் பழைய கோணிச் சாக்கை மூடிவிடுகிறேன். டயரைப் பளபளப்பாக்குகிற எண்ணெய்ப் பூச்சு எதுவும் பூசுவதில்லை. அவற்றில் பல ரப்பரில் இருக்கிற மெழுகையே கரைத்து எடுத்துவிடும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

மட்கார்டில் நானே வெள்ளைப் பெயின்டால் பெரிதாக 60 என்று எழுதினேன். போன மாதம் வண்டியை இரவல் கேட்டு வந்த நண்பர் அதைப் பார்த்துவிட்டு, “அறுபதுக்கு மேல ஓட்டக் கூடாதா?” என்றார். அதனால் இப்போது பக்கத்தில் ‘காற்று’ என்றும் எழுதிவிட்டேன். நீங்கள் எழுதும்போது அந்தச் சொல்லையும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு டயர் வண்டிக்காரன் ஒருவன்